தனியார் பட்டப்படிப்பில் மாணவர் வாழ்க்கை என்று ஒன்று உண்டா?

கேள்வி: உட்லண்ட்ஸ் வாசகி, 4 ஜூன் 2025

மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் முடித்தான். சராசரி மதிப்பெண், அதாவது ஜிபிஏ, 4க்கு 2.7. தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செப்டம்பரில் முடிகிறது. சிங்கப்பூரில் அரசாங்க மானியம் பெறும் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைக்காது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். தனியார் கல்வி நிலையத்தில் சேரட்டுமா என்கிறான். என் அண்ணனோ, "பணம் கட்டினால் பட்டம் கிடைக்கும், மாணவர் வாழ்க்கை என்று அங்கே ஒன்றும் கிடையாது" என்கிறார். படித்தவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

பதில்கள் (எல்லாம் ஒரே முன்னாள் மாணவி எழுதியவை)

4 ஜூன், இரவு 11:20

உங்கள் அண்ணன் சொன்னதில் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி ஏறக்குறைய சரி.

நான் கிளமெண்டி ரோட்டில் சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்தில், எல்லாரும் சொல்வதுபோல் சொன்னால் சிம்மில், லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பட்டம் படித்தேன். சேர்ந்தது 2014இல். பணம் கட்டினால் பட்டம் என்பவர்கள் அந்தத் தேர்வை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். ஆண்டு முழுக்கப் படித்ததற்கு மே மாதவாக்கில் பாடத்துக்கு ஒரே தேர்வு. விடைத்தாள் லண்டனுக்குப் போய்விடும். பாடம் எடுத்தவருக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. வினாத்தாளில் என்ன வரும் என்பது அவருக்கும் தெரியாது. முடிவு ஆகஸ்டில் வரும். அந்த ஒரு காலை வேளையில் காய்ச்சல் வந்தாலோ கை நடுங்கினாலோ ஓர் ஆண்டு போனது போனதுதான். முதலாண்டில் என்னோடு உட்கார்ந்தவர்களில் பலரை இரண்டாம் ஆண்டில் காணவில்லை. அவர்களும் கட்டணம் கட்டியவர்கள்தாம்.

இனி, மாணவர் வாழ்க்கை. காலை எட்டரைக்குத் தொடங்கும் வகுப்பு பதினொன்றரைக்கு முடியும். பன்னிரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெருங்கூட்டம் 74க்கும் 151க்கும் 154க்கும் காத்திருக்கும். எங்கள் வளாக வாழ்க்கையின் உச்சக்கட்டம் அதுதான். வளாகத்தில் விடுதி கிடையாது. வீட்டுக்குப் போய், அம்மா சமைத்து வைத்ததைச் சாப்பிட்டு, தூங்கிவிடுவோம். 2015 டிசம்பரில் கிங் ஆல்பர்ட் பார்க் ரயில் நிலையம் திறந்தது. வசதிதான். ஆனால் பேருந்து வரும்வரை பேசிக்கொண்டிருந்த பேச்சும் அதோடு குறைந்துபோயிற்று.

5 ஜூன், காலை 7:05

மன்றங்களே இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். ஏன் இல்லை, நடனம், விவாதம், மலையேற்றம் என்று நிறைய உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் விடுதி அறையைத் தக்கவைத்துக்கொள்ள மன்ற நடவடிக்கைகளில் புள்ளி சேர்க்க வேண்டும். அதனால் சோம்பேறியும் ஏதாவது ஒரு மேடைக்குத் திரை இழுக்கிறான். எங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆகவே மன்றத்துக்குப் போனவர்கள் எல்லா மன்றத்திலும் இருந்தார்கள். மற்றவர்கள் எதிலும் இல்லை. நான் முதலாண்டு முழுவதும் இரண்டாம் வகை.

5 ஜூன், இரவு 10:50

"சிங்கப்பூரில் தனியார் பல்கலைக்கழகமே கிடையாது, இவையெல்லாம் டியூஷன் நிலையங்கள்" என்று எழுதியவருக்கு. அவசரப்படாதீர்கள். யூனிசிம், அதாவது சிம் பல்கலைக்கழகம், 2005இலிருந்து தனியார் பல்கலைக்கழகமாகத்தான் இருந்தது. 2017இல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறி, ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் கூட்டுச் சேர்ந்து 2024இல் தொடங்கிய சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம் அரசாங்க ஆதரவு பெற்ற தனியார் பல்கலைக்கழகம். ஆனால் உட்லண்ட்ஸ் அம்மா கேட்பது இவற்றை அல்ல. அவர் கேட்பது சிம், கப்லான், பிஎஸ்பி, எம்டிஐஎஸ் போன்ற தனியார் கல்வி நிலையங்களை. இங்கே வகுப்பு நடக்கும். பட்டம் தருவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் குக், கர்ட்டின் இரண்டும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் கிளைகள், அது வேறு ஏற்பாடு.

யூனிசிம் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடம். கோழிச்சோற்றுக்கு எங்களோடு வரிசையில் நின்றவர்கள் 2017இல் தன்னாட்சிப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆகிவிட்டார்கள். நாங்கள் அதே வரிசையில் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.

6 ஜூன், இரவு 9:30

பணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தனியார் என்றாலே கொள்ளைக் கட்டணம் என்ற நினைப்பு நம் வீடுகளில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் மானியம் போக ஒரு குடிமகன் கலைப்பாடங்களுக்குக் கட்டுவது ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல். நான்கு ஆண்டுக்கு 32,000ஐத் தாண்டும். தனியாரில் மூன்று ஆண்டுப் படிப்பு நிலையத்தைப் பொறுத்து அதைவிடக் குறைவாகவும் வரலாம், மிக அதிகமாகவும் வரலாம். டிப்ளோமாவில் படித்த பாடங்களுக்கு விலக்குக் கொடுத்தால் ஓர் ஆண்டு மிச்சம்.

வித்தியாசம் தொகையில் இல்லை, பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவனுக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். படித்து முடிக்கும்வரை வட்டி இல்லை. அப்பாவின் மத்திய சேமநிதியிலிருந்தும் எடுக்கலாம். அரசாங்க உதவிநிதி தனி. தனியாரில் பெரும்பாலான பட்டங்களுக்கு இவை எதுவும் கிடையாது. வங்கிக் கடன்தான். அதற்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். என் வீட்டில் அப்பா கையெழுத்துப் போட்டார். மாதாந்தர வட்டி வரும் நாளில் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்; செய்தித்தாளை மட்டும் கொஞ்சம் சத்தமாக மடிப்பார்.

இதற்கும் மாணவர் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய. வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் ஓடியது வீட்டுக்கு அல்ல, வேலைக்கு. துணிக்கடை, டியூஷன், விருந்து மண்டபத்தில் தட்டு எடுப்பது. நான் செங்காங்கில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். மாலை நான்கு மணிக்கு மன்றக் கூட்டம் என்றால் நான் எங்கே போவது?

8 ஜூன், பிற்பகல் 2:15

"வெளிநாட்டு மாணவர்கள் படிக்கவா வருகிறார்கள், பகுதிநேர வேலைக்குத்தானே" என்று ஜூரோங்காரர் எழுதியிருப்பது எனக்குக் கோபத்தை மூட்டுகிறது. சட்டமே தலைகீழ். மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்கள்தாம் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை செய்யலாம். பட்டியலில் இல்லாத தனியார் நிலையத்தில் வெளிநாட்டு மாணவர் அனுமதி அட்டையோடு படிப்பவன் விடுமுறையில்கூட வேலை செய்யக்கூடாது. வருகைப் பதிவு எந்த மாதத்திலும் 90 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. காரணமில்லாமல் தொடர்ந்து ஏழு நாள் வராவிட்டால் நிலையம் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிம்முக்கு முன் வேறொரு நிலையத்தில் நான் டிப்ளோமா படித்தேன். பெயர் வேண்டாம். அங்கே திருச்சியிலிருந்து வந்த ஒருவன் என் குழுவில் இருந்தான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் பலரோடு தங்கியிருந்தான். வருகைப் பதிவை நினைத்து, உடம்பு சரியில்லாத நாளிலும் கடைசி வரிசையில் தலை சாய்த்துக் கிடப்பான். என்னைவிட ஒரு வயதுதான் இளையவன், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு வகுப்பில் வேறு யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை குறைந்ததாகத் தோன்றியது. வாடகை, உணவு, கட்டணம் எல்லாம் ஊரில் நிலத்தின்மேல் வாங்கிய கடன். உள்ளூர்ப் பிள்ளைகள் குழு வேலையை அவன் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள், அவன்தான் எப்போதும் வகுப்பில் இருப்பவன் என்பதால். அவனுக்கு இருந்த ஒரே மாணவர் வாழ்க்கை ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் திடலில் கிரிக்கெட் பார்ப்பது.

8 ஜூன், பிற்பகல் 2:40

பார்ப்பது. ஆடுவது அல்ல. பந்து பட்டு அடிபட்டால் மருத்துவச் செலவு என்று பயம்.

12 ஜூன், இரவு 10:10

தீபாவளிக் கேள்வியைப் பற்றி யாரும் பேசவில்லையே! தனியாரில் படிப்பவனின் ஆண்டுத் தேர்வு மே மாதத்தில் என்றால், வாய்மொழித் தேர்வு தீபாவளியில். "எந்த யூனிம்மா?" என்பார்கள். நன்யாங் என்று சொன்ன அத்தை மகளுக்கு "அப்படியா!" கிடைக்கும். எனக்குக் கிடைத்தது "ஓ… சரி சரி, எங்கே படித்தால் என்ன." அந்த "என்ன"வில் இருக்கிறது எல்லாம். எங்கள் பெரிய தாத்தா ஒருவர் நான் சிம்மில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தம் கைத்தொலைபேசிக்குப் புது அட்டை மலிவாகக் கிடைக்குமா என்று தனியாக அழைத்துக் கேட்டார். அந்த வீட்டில் என்னை மதித்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் பலர் எதிலும் ஒட்டாமல் இருந்ததற்கு நேரமின்மை ஒரு காரணம் என்றால், இது இன்னொன்று. தற்காலிகமாக இங்கே இருக்கிறோம், அடுத்த ஆண்டு வேறெங்காவது மாற்றிக்கொண்டு போய்விடுவோம் என்ற நினைப்பு. வளாகத்தின் பெயர் போட்ட சட்டையை யாரும் ரயிலில் போட்டு நான் பார்த்ததில்லை. தேசியப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்கே போகிறார்கள்.

தமிழ்ப் பக்கத்திலும் இதே கதைதான். தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை போட்ட நாடகத்துக்கு டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் போவேன். எல்லாவற்றிலும் நான் நாற்காலியில், அவர்கள் மேடையில். பக்கத்துக் கட்டடத்திலேயே தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பு நடந்தது. அவர்கள் பேசுவதை உணவகத்தில் ஒட்டுக்கேட்டதோடு சரி.

17 ஜூன், இரவு 11:55

மேலே நான் "ஏறக்குறைய சரி" என்று எழுதியதை இப்போது படித்தால் கொஞ்சம் சறுக்கலாகத் தோன்றுகிறது. பகுதிநேரமாகப் படிப்பவர் ஒருவர் எழுதியிருந்தாரே, இரவு ஏழு மணி வகுப்பு, பத்து மணிக்கு முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தால் கடைசி ரயில்வரை பேச்சு என்று, அதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாதி, ராணுவ அதிகாரி, சரக்குக் கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தா, மூவரும் ஒரே மேசையில். இருபது வயதுப் பிள்ளைகள் நிறைந்த விடுதியில் அப்படி ஒரு மேசை அமையாது.

எனக்கும் ஒன்று இருந்தது. வளாகத்தில் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் நுண்பொருளியல் புரியாமல் தவித்த நாங்கள் சிலர் சேர்ந்துகொண்டோம். நூலகத்தில் தேர்வுக் காலத்தில் இடம் கிடைக்காது. கிங் ஆல்பர்ட் பார்க்கில் இரவெல்லாம் படிக்க இடம் கொடுத்த மெக்டோனல்ட்ஸ் நான் சேர்ந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. மூத்த மாணவர்கள் அதைப் பற்றி இறந்துபோன உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். ஆகவே சாங்கி விமான நிலையம். குளிர்சாதனம், மின்செருகி, இருபத்து நான்கு மணி நேரமும் வெளிச்சம், துரத்த ஆள் இல்லை. கைவண்டியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் குடும்பங்களுக்கு நடுவில் தேவை வளைகோடு வரைந்தோம். விடியற்காலையில் ஊழியர் உணவகத்தில் மலிவாக மீ சியாம். பத்தாண்டு வினாத்தாள்களைப் பரப்பி வைத்து, எந்தக் கேள்வி இந்த ஆண்டு வரும் என்று பந்தயம் கட்டினோம். எங்களில் ஒருத்தி இன்றும் என் வீட்டுச் சாவி வைத்திருக்கிறாள்.

எனவே திருத்தம்: மாணவர் வாழ்க்கை உண்டு. கட்டணத்தில் அது சேரவில்லை, அவ்வளவுதான்.

18 ஜூன், காலை 8:00

இல்லை, ஊழியர் உணவகத்துக்குள் பொதுமக்களும் போகலாம். நாங்கள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. கேட்டவருக்கு நன்றி, சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

24 ஜூன், இரவு 9:45

வேலை. அம்மாவின் உண்மையான கேள்வி இதுதான் என்று ஊகிக்கிறேன், கேட்கத் தயங்குகிறார். 2023/2024இல் முழுநேரமாகப் படித்து வந்த தனியார் நிலையப் பட்டதாரிகளில் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு. இடைநிலைச் சம்பளம் மாதம் 3,500 வெள்ளி. 2024இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு அப்படிப்பட்ட வேலை, சம்பளம் 4,500. இனிப்புத் தடவிச் சொல்ல எதுவும் இல்லை.

இதைப் படிப்பின் தரம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் (எஸ்எம்யூ; எங்கள் சிம் அல்ல) வேலைப் பயிற்சி முடிக்காமல் பட்டமே வாங்க முடியாது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் வேலையும் படிப்பும் பாடத்திட்டத்திலேயே பின்னிக் கிடக்கின்றன. எங்கள் லண்டன் பாடத்திட்டத்தில் வேலைப் பயிற்சிக்கு இடமே இல்லை. மே மாதம் தேர்வு முடிந்து, அந்தச் சில மாத விடுமுறையில் நாமே தேடிக்கொண்டால் உண்டு. முதல் கோடையில் நான் டியூஷனே போதும் என்று இருந்தேன். இரண்டாம் கோடையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கிட்டத்தட்ட சும்மா வேலை செய்தேன். முதல் வேலை கிடைத்தது அந்த நிறுவனத்துக் கணக்காளர் ஒருவரின் ஒரு தொலைபேசி அழைப்பால். அங்கே நேர்காணலில் என் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

1 ஜூலை, பிற்பகல் 1:20

சட்டம் படிக்க விரும்பும் தம்பிக்கு: லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை இங்கிருந்தபடி படித்து இங்கே வழக்கறிஞராக முடியாது. விளம்பரத்தைத் திரும்பப் படியுங்கள், அதில் "வழக்கறிஞர்" என்று எங்கேயும் இருக்காது. சட்டம் தெரிந்த மனிதவள அதிகாரியாகலாம், நிறுவனச் செயலாளர் தொழிலுக்குப் போகலாம். அது போதும் என்றால் சேருங்கள்.

6 ஜூலை, இரவு 10:30

திறந்த நாளுக்குப் போகப் போவதாக அம்மா எழுதியிருக்கிறார். சனிக்கிழமை பலூன் கட்டியிருக்கும்போது போகாமல், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மகனைத் தனியாக அனுப்புங்கள். உணவகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவன் பார்க்கட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தனியார் கல்வி நிலையங்களுக்கான எடுடிரஸ்ட் தரச் சான்றிதழ் இருக்கிறதா, அது நான்கு ஆண்டுக்கா, ஓர் ஆண்டுக்கான தற்காலிகச் சான்றிதழா என்று பாருங்கள். நிலையம் மூடினால் கட்டிய பணத்தைக் காக்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் பணம் சேர்ந்ததற்கான தாளைக் கையில் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் இங்கே சொந்த வளாகம் திறந்து, ஜூனில் மூடிவிட்டுப் போனது. அரசாங்கமே அழைத்து வந்த பெயர் அது. அதற்குப் பிறகு 2009இல் தனியார் கல்விச் சட்டம் வந்தது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் தாளை வாங்குங்கள்.

விரிவுரையாளர்கள் முழுநேர ஊழியர்களா என்றும் கேளுங்கள். நான் டிப்ளோமா படித்த அந்த நிலையத்தில் ஒரே பருவத்துக்குள் கணக்கியல் ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தார். வந்த ஒவ்வொருவரும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினார். முதல் அத்தியாயம் எனக்கு இன்றும் மனப்பாடம். தேய்மானம் என்றால் என்ன என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

19 ஜூலை, இரவு 11:10

லண்டன் பல்கலைக்கழகமா, அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகமா என்று மகன் குழம்புவதாக அம்மா எழுதுகிறார். அவனை எனக்குத் தெரியாது, ஆனால் 2.7 என்ற எண் கொஞ்சம் சொல்கிறது. ஒரு கேள்வி: தொழிற்கல்லூரியில் அவனுக்கு மதிப்பெண் குறைந்தது தேர்விலா, வாரந்தோறும் கொடுக்க வேண்டிய வேலைகளிலா? அமெரிக்க முறையில் வகுப்பில் வாய் திறப்பதற்கும் மதிப்பெண், சின்னச் சின்னத் தேர்வுக்கும் மதிப்பெண். பருவம் முழுக்க யாராவது பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் முகம் பார்த்துப் பழக வேண்டிய வகுப்புகள், நண்பர்களும் அங்கேதான் கிடைப்பார்கள். லண்டன் முறையில் செப்டம்பரிலிருந்து மே வரை யாரும் கேட்கமாட்டார்கள். தானாக உட்கார்ந்து படிப்பவனுக்கு அது சொர்க்கம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பவனுக்குப் படுகுழி. என் வகுப்பில் காணாமல் போனவர்களில் மந்தபுத்திக்காரர் யாரும் இல்லை.

கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். மலிவானதில் சேர்ந்து ஓர் ஆண்டைத் திரும்பப் படித்தால் அது மலிவு இல்லை.

2 ஆகஸ்ட், காலை 7:30

சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அம்மா எழுதியதைப் பார்த்தேன். நல்லது. ஒப்பந்தத்தில் மனம் மாறினால் பணத்தைத் திரும்பப் பெற ஏழு வேலைநாள் அவகாசம் இருக்கும், அந்தப் பக்கத்தைப் படியுங்கள். தேசிய தினம் அதில் சேராது. மகனிடம் சொல்லுங்கள், முதல் வாரத்தில் பக்கத்து இருக்கைக்காரனின் எண்ணை வாங்கட்டும். வாட்ஸ்அப் குழு தொடங்குபவன் எவனோ, பிறகு வினாத்தாள்கள் எல்லாம் அவனிடம்தான் வந்து சேரும்.